என் கையெழுத்தின் மேல் ஒட்டப்பட்ட பழைய சர்க்கரை வரைபடம்

அனுப்புநர்
அ. ஸமீஹா, எம்.எஸ்ஸி.,
த/பெ. அசன் முகம்மது,
காயல்பட்டினம்.
(தற்போது வாடகைக்கு இருப்பது: தச்சநல்லூர், திருநெல்வேலி)

பெறுநர்
உயர்திரு உதவி இயக்குநர் அவர்கள்,
மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை,
திருநெல்வேலி மண்டலம்.

பொருள்: வெண்சங்கு உயிரியல் ஆய்வகம் – டெங்குத் தடுப்பூசி, ஏழாம் தொகுதி – சோதனை வரைபடம் மாற்றப்பட்டது – 02.04.2026 வியாழனன்று ஸ்ரீவைகுண்டத்தில் மனிதர்களுக்குப் போடவிருக்கும் முதல் ஊசியை நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி ஆய்வகத்தில் ஆறு ஆண்டுகளாகப் பகுப்பாய்வாளராக வேலை பார்க்கிறேன். எங்கள் தடுப்பூசியில் வைரஸ் கிடையாது. வைரஸைப் போன்ற வெறும் கூடு மட்டும் உண்டு. நோயைப் பெருக்கும் சரக்கு உள்ளே இராது. அந்துப்பூச்சியின் செல்களைத் தொட்டியில் வளர்த்து, அவற்றைக் கொண்டு இந்தக் கூடுகளைச் செய்கிறோம். எந்தச் செல்லில் செய்கிறோமோ, அந்தச் செல் தன் வழக்கப்படி கூட்டின் மேல் சர்க்கரைக் கிளைகளைப் பூட்டிவிடும். எந்தக் கிளை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கிளைகளைக் கத்தரித்து, ஒளிரும் சாயம் ஏற்றிக் கருவியில் ஓட்டினால், மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரும். மேட்டை நாங்கள் பீக் என்போம். முதல் ஆறு தொகுதிகளின் கோட்டையும் என்னால் பார்க்காமலே வரைய முடியும்.

2. விளைச்சல் போதவில்லை என்று ஜனவரியில் வேறொரு பூச்சியின் செல்லுக்கு மாறினார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. மார்ச் 12 அன்று ஏழாம் தொகுதியை ஓட்டினேன். இதுவரை இல்லாத இடத்தில் ஒரு பீக் எழுந்து நின்றது. என் கைப்பிழையோ என்று மேலும் இரண்டு முறை ஓட்டினேன். மூன்று முறையும் வந்தது. நொதி வைத்துப் பார்த்ததில், தேனீயின் நஞ்சில் காணப்படும் அதே வகைச் சர்க்கரைப் பிணைப்பு என்று தெரிந்தது. தேனீ கொட்டி உடம்பு தடிப்பவர்களில் சிலருக்கு இதற்கான எதிர்ப்பு ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும். ஊசி வழியாக இது உள்ளே போனால் ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம், யாருக்கேனும் மூச்சு முட்டவும் செய்யலாம். எது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை அறிக்கையில் எழுதி, ஊசியைத் தள்ளிவைக்கும்படி தர ஆய்வுப் பொறுப்பாளர் கிறிஸ்டி அவர்களிடம் கேட்டேன். "சரி, நீ பெருநாளுக்குப் போயிட்டு வா, நான் எழுதிக்கிடுதேன்" என்றார்.

3. இந்தக் கிறிஸ்டி யார் என்று சொல்லாவிட்டால் என் மனு தங்களுக்குப் புரியாது. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஐந்து ஆண்டுகள் ஒரே மேசையில் இருந்தோம். சென்ற ஆண்டுதான் அவர் பொறுப்பாளர் ஆனார். நான் நோன்பிருக்கும் மாதத்தில் என் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். எங்கள் பதிவுத் தாளில் செய்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருவர் விடுப்பில் இருந்தால் தொகுதி தேங்கிவிடும். ஆகவே நான் நோன்புப் பெருநாளுக்குப் போகும்போது சில வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டு அவரிடம் கொடுப்பேன். கிறிஸ்துமஸுக்கு அவர் எனக்குக் கொடுப்பார். வரைபடம் வந்ததும் தாளில் ஒட்டிக்கொள்ள வேண்டியது. இது விதிமீறல். ஆறு ஆண்டுகளும் இதைச் செய்தோம், இந்தப் பெருநாளுக்கும். நம்ப நட, நம்பி நடவாதே என்று என் உம்மா சொல்வது வழக்கம். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கியிருக்கிறேன்.

4. மார்ச் 25 அன்று வேலைக்குத் திரும்பினேன். மறுநாள் கோப்பைத் திறந்தபோது, ஏழாம் தொகுதிக்கென்று என் கையெழுத்துக்கு மேல் ஒட்டியிருந்தது ஆறாம் தொகுதியின் வரைபடம். சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆறாம் தொகுதியை ஓட்டிய அன்று கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுத்த நொடியில் கோட்டில் ஒரு சின்ன வெட்டு விழுந்தது. அந்த வெட்டு அதே இடத்தில் இருக்கிறது. கிறிஸ்டி அவர்களிடம் கேட்டதற்கு, "ஏட்டி, ஒத்த பீக்குக்கு ஊரைக் கூட்டாத. மொதல்ல ஊசியப் போடட்டும், பொறவு பைய பாத்துக்கிடலாம்" என்றார். 27 ஆம் தேதி முதல் நான் வேலைக்கு வர வேண்டாம் என்று நிர்வாகம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டது.

5. இன்னொன்றையும் தெரிவிக்க வேண்டும். நான் ஊரிலிருந்து திரும்பிய அன்றே, புனித வெள்ளிக்கு ஊருக்குப் போவதாகச் சொல்லி, கிறிஸ்டி அவர்கள் நான்கு வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டு என்னிடம் கொடுத்தார். என் கையெழுத்தை அப்படிச் செய்துவிட்டு, தன் கையெழுத்தை என்னிடம் நம்பிக் கொடுக்க அவருக்கு மனம் வந்திருக்கிறது. கோபத்தைவிட இதுதான் என்னை அழவைத்தது. உண்மையான வரைபடத்தை அவற்றில் ஒட்டியிருக்க எனக்கு அரை நிமிடம் போதும். ஒட்டவில்லை. நான்கு தாள்களையும் வெற்றாகவே இத்துடன் இணைத்துள்ளேன்.

6. என் தவறு ஒன்று உண்டு. அதை மறைத்து மனு எழுத எனக்கு விருப்பமில்லை. பிப்ரவரியில் ஸ்ரீவைகுண்டத்தில் நடந்த விளக்கக் கூட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தவர்கள் முப்பத்தாறு பேர். பெரும்பாலும் வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் சுடலைவடிவு என்பவர், சென்ற மழைக்காலத்தில் தன் ஒன்பது வயது மகளை டெங்குக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். "எனக்குத் தேனீ கொட்டுனா ஒடம்பெல்லாம் தடிச்சு மூச்சு இளைக்கும் தாயீ, இந்த ஊசி ஒத்துக்கிடுமா?" என்று எழுந்து கேட்டார். ஒத்துக்கொள்ளும், நானே சோதித்தேன் என்றேன். ஆறாம் தொகுதியை மனத்தில் வைத்துச் சொன்னது அது. அன்று அது உண்மை. ஒப்புதல் படிவத்தில் உணவும் மருந்தும் ஒத்துக்கொள்ளாமை பற்றிய கேள்விகள் உண்டு. தேனீ பற்றி ஒரு வரி இல்லை. என் சொல்லைக் கேட்டுத்தான் அவர் கைநாட்டு வைத்தார்.

7. ஆகவே ஏழாம் தொகுதியை உடனே நிறுத்திவைத்து, அதன் குப்பிகளுக்கு முத்திரையிட வேண்டுகிறேன். மார்ச் 12 ஆம் தேதி ஓட்டங்கள் மூன்றும் கருவியின் கணினியில் இருக்கின்றன. அவை அழிக்கப்படுவதற்கு முன் அந்தக் கணினியைக் கைப்பற்ற வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்திட்டதற்காக என்மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்வேன். மத்திய அலுவலகத்துக்கும் நகல் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் படித்து முடிப்பதற்குள் வியாழக்கிழமை வந்துவிடும். தாங்கள் ஸ்ரீவைகுண்டத்துக்கு முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறீர்கள்.

8. நானே சொல்லித் தடுத்திருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். நேற்று சுடலைவடிவு அவர்களுக்குப் போன் செய்து, ஊசிக்குப் போகாதீர்கள் அக்கா என்று கெஞ்சினேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்: "வேலைய விட்டு நிப்பாட்டுன கோவத்துல நீங்க போன் பண்ணுவீயன்னு கிறிஸ்டி அம்மா முன்னாடியே சொல்லிட்டாவ. மனத்தாங்கல் இருந்தா பேசித் தீத்துக்கிடுங்க தாயீ. நீங்க கையெழுத்துப் போட்ட தாளக் காமிச்சாவ, நான் எங்கண்ணால பாத்தேன். எம்புள்ளைக்கு வந்தது இன்னொரு புள்ளைக்கு வரப்பிடாது. நான் போவேன்."

வியாழன் காலை எட்டு மணிக்கு ஊசி. முதல் பெயர் அவருடையது. அதற்கு முன் தாங்கள் நேரில் சென்று, அந்தத் தாள் பொய் என்று அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

இடம்: தச்சநல்லூர்
நாள்: 30.03.2026

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
அ. ஸமீஹா