சத்தமில்லாத மூன்று வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

இளைஞர் இசைக்குழுவில் நன்றாக வாசிக்கிறேன் என்று போனில் சொன்னேன் இல்லையா, அது பொய். மூன்று வாரமாக வயலின் வில்லைத் தந்தியில் படாமல் காற்றில்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். சேரும்போது தெரிந்த பாட்டை வாசிக்கச் சொன்னார்கள், தப்பித்தேன். உள்ளே போனால் எல்லோரும் இசைக்குறிப்புத் தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள். எனக்குக் காதால் கேட்டால்தான் வரும். தெரிந்தால் போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு வந்து ஆசையாகக் கேட்கிறாய், உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

நேற்று மாஸ்டர் பாதியில் நிறுத்தினார். "கடைசி வரிசை ரெண்டு பேர் மட்டும் வாசிங்க."

நானும் பக்கத்து நாற்காலியில் உட்காரும், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணும் வில்லை இழுத்தோம். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

"அடிப்பாவி, நீ வாசிக்கிறேன்னு நம்பித்தானே நான் சும்மா ஆட்டிட்டிருந்தேன்!" என்று அவள் கிசுகிசுத்தது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. எனக்குத் தாள் படிக்கத் தெரியாது என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

மாஸ்டர் தலையில் கைவைத்தார். "நல்ல ஜோடிதான் போங்க! நான் என் காதுல கோளாறுன்னு நினைச்சேன். தாள் படிக்க நான் சொல்லித் தர்றேன். இப்ப தப்பா இருந்தாலும் பரவாயில்ல, சத்தமா வாசிங்க."

வாசித்தேன். இரண்டு இடத்தில் பிசகியது. யாரும் போகச் சொல்லவில்லை, அக்கா. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் கச்சேரி. லீவு போட்டுவிட்டு வா. எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் என் வயலின் உனக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
நீ படிக்கவைத்த தங்கை