நின்ற நேரத்துக்குக் காரணம்

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே மழை. மன்னார்குடி ரோட்டில் ஸ்கூட்டி இரண்டு முறை அணைந்தது. பிளக் மாற்ற வேண்டும்.

அக். மாத இயக்க அறிக்கைக்கு இன்று கடைசி நாள். எங்கள் உமி மின் நிலையம் போன மாதம் நின்றது மூன்று தடவை:
1. இடி. வெளி லைன் போனது.
2. நனைந்த உமி அடைத்துக்கொண்டது.
3. பாய்லர் குழாய் வெடித்தது. ஐந்து நாள் ஓட்டமில்லை. ஆபரேட்டர் கலியமூர்த்தி அண்ணனுக்குக் கையில் நீராவி அடித்துவிட்டது. முகம் தப்பியது.

மூன்றாவதற்கு எதிரே எழுதினேன்: 'குழாய் தேய்ந்திருந்தது. நிறுத்திப் பழுது பார்க்க இரண்டு வாரம் முன்பே கேட்டேன். அனுமதி கிடைக்கவில்லை.' மேனேஜருக்கு அனுப்பியாயிற்று.

நவம்பர் 4, செவ்வாய்

மேனேஜர் கூப்பிட்டார்.

"மலர், காரணத்த மாத்துங்க. ஆபரேட்டர் தண்ணி மட்டத்தக் கவனிக்கலன்னு போடுங்க."

"பாய்லர் பதிவு சார்ட்ல மட்டம் சரியா இருக்கு சார்."

"சார்ட்ட விடுங்க. அவரு கான்ட்ராக்ட் ஆளு. நிறுத்திட்டு வேற ஆளப் போட்டுக்கலாம்."

"நான் எழுத மாட்டேன் சார்."

படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பயம் இல்லை, கோபம். கொஞ்சம் பயமும்தான்.

வாங்க: பால், பாப்பாவுக்கு கிராஃப் நோட்டு.

நவம்பர் 5, புதன்

கலியமூர்த்தி அண்ணன் வீடு. முழங்கைவரை கட்டு.

"எழுதிக் குடுத்துருங்கம்மா. நான் நடவு, களைன்னு போய்க்கிறேன். உங்க வேலைக்கு ஆபத்து வரக்கூடாது."

"நீங்க தப்பு பண்ணீங்களாண்ணே?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு ஒத்துக்கறீங்க?"

அவர் மனைவி டீயைக் கொஞ்சம் வேகமாக வைத்தார். "பாய்லர்ல தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடியப் பாக்காம ஒரு வாய் சோறு தின்னுருக்குமா இந்த மனுசன்? கேளுங்க அந்த மேனேஜர!"

கேட்கத்தான் போகிறேன்.

நவம்பர் 6, வியாழன்

மேனேஜரே அறிக்கையைத் திருத்தி அச்செடுத்து வைத்திருந்தார். கீழே என் பெயர். கையெழுத்து மட்டும் பாக்கி.

காரணக் கட்டத்தை அடித்தேன். மேலே பேனாவால் பழையபடி எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். படமெடுத்து, சார்ட் நகலோடு தலைமை அலுவலகத்துக்கு மெயில்.

அரை மணியில் உத்தரவு: "நாளையிலேருந்து கன்ட்ரோல் ரூம் வேணாம், உமி யார்டு பாத்துக்கங்க." சரி.

நவம்பர் 8, சனி

யார்டு. உடம்பெல்லாம் அரிப்பு. தும்மல் எண்ணி மாளாது. திருத்துறைப்பூண்டி லாரி டிரைவர்: "என்ன மேடம், பெரிய படிப்பு படிச்சிட்டு உமி அளக்குறீங்க?" "சுத்தமா அளக்குறேன்ல?" என்றேன். சிரித்தார்.

யார்டில் கழிவறை இல்லை. மதியம் ஒதுங்க இடம் தேடி யார்டுக்குப் பின்னால் போனேன். பழைய இரும்புக் குவியல். அதில் அந்தக் குழாய்! வெட்டி எடுத்த துண்டு, வெல்டர் போட்ட சாக்பீஸ் எண்ணோடு. வெடித்த ஓரம் தகர டப்பா மூடி போல மெலிந்திருந்தது. யார்டு ஆட்கள் இருவர் முன்னால் படமெடுத்தேன். சாக்கில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். விரல் கிழிந்து ரத்தம். டி.டி. ஊசி போட்டாயிற்று.

நவம்பர் 12, புதன்

அரசு பாய்லர் ஆய்வாளர் வந்தார். தலைமை அலுவலகத்தில் யாரோ என் மெயிலைப் படித்திருக்கிறார்கள்.

"அந்தக் குழாய் எங்க?"

மேனேஜர்: "ஸ்கிராப்ல போயிடுச்சு சார்."

"போகல சார்," என்றேன். எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். ஆய்வாளர் மூன்று இடத்தில் அளந்தார், மறுபடியும் அளந்தார். "இத வச்சா ஓட்டுனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். கலியமூர்த்தி அண்ணனுக்கு வேலை உறுதி, கை ஆறியதும் வரலாம். அறிக்கையில் நான் எழுதிய காரணமே நிற்கிறது.

எனக்கு இன்னும் யார்டுதான். மேனேஜரை மீறி மெயில் அனுப்பியதற்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் கன்ட்ரோல் ரூமுக்குத் திரும்பலாமாம். வெள்ளைத்தாள் ஒன்றை அவரே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அதே தாளில் எழுதிக் கொடுத்தேன். யார்டுக்கு உடனே தேவை: தார்ப்பாய் ஆறு, முகமூடி எல்லாருக்கும், பெண்களுக்குக் கழிவறை ஒன்று.