மையவாடிப் பாதைக்கு வந்த கிரவல்

மச்சான்,

இன்று காலை நனைந்த கிரவல் மண் வாசம் மூக்கில் ஏறியதும், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மையவாடிப் பாதைக்கு ஓடினேன். நான் ஓடிய வேகத்தில் களப்புத் தண்ணீரில் நின்ற கொக்குகள் பயந்து இந்தியாவுக்கே பறந்துவிட்டன. பாதை முகப்பில் லொறி. பக்கத்தில், கட்டாரிலிருந்து வந்த உன் மூத்த மகன். உனக்கு நன்மை சேரட்டும் என்று உன் பெயரில் சதக்காவாகக் கிரவல் கொண்டுவந்திருந்தான்.

உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

அந்தப் பாதையில் நம் ஊர் கொட்டிய நன்மை கொஞ்சமா? யார் மௌத்தானாலும் அவர் பேரில் ஒரு லோட் கிரவல். கீழே களப்புச் சேறு. கொட்டக் கொட்டப் பாதை இறங்கியது. இறங்க இறங்கக் கொட்டினோம். உள்ளே போன கிரவலில் பாவா ஆதம் மலைக்கு ஒரு தம்பியே கட்டியிருக்கலாம். மாரியில் மையவாடிக்கு அடக்கக் கொண்டுபோகும் ஜனாஸாவை இடுப்பளவு தண்ணீரில் சுமந்தோம். வீதி வேலைகளில் எஞ்சினியராக இருந்த நீதான் ஜமாஅத்துக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னாய்: “நன்மை கூடக்கூடப் பாதை தாழுது. பாரத்த எடுக்கோணும்.”

கிரவலைத் தோண்டி எடுத்தாய். சூளையில் பொரிந்து உப்பிய, பாரமில்லாத களிமண் உருண்டைகளைத் துணியில் பொதிந்து நிரப்பினாய். வெள்ளத்தில் மிதக்காதிருக்க மேலே மெல்லியதாய்க் கிரவல், அவ்வளவுதான். வாப்பாமார் பேரில் கொடுத்ததைக் கிண்டி எறிகிறானே என்று பாதி ஊர் உன்னோடு கதைக்கவில்லை. பாதைக்கும் கஃபன் துணி போட்டுவிட்டாய் என்று நான் பகிடி விட்டேன்.

போன மாரியில் உன்னை அதே பாதையால்தான் கொண்டுபோனோம். ஒருவர் காலும் நனையவில்லை.

தோண்டியபோது உன் மகன் இங்கில்லை. அவனுக்கு ஊர் வழக்கம் மட்டும்தான் தெரியும். லொறிக்கு முன்னால் நான் சப்பணமிட்டு உட்கார்ந்தேன், என் உடம்பே இரண்டு லோட் என்பதை மறந்து.

“மாமா, வாப்பாக்குப் போற நன்மையத் தடுக்காதீங்க.” என்றான் அவன்.

“உங்கட வாப்பா பாரத்த எடுத்திட்டு நிரப்பின சதக்கா இதுக்குள்ளதான் கிடக்கு மகன். மேல கொட்டினா அதுவும் தாழும்.”

குனிந்து பாதையைக் கையால் தட்டிப் பார்த்தான். பிறகு லொறியைத் திருப்பச் சொன்னான். பாலாவிப் பக்கம், கெட்டித் தரையில் ஒரு பள்ளிக்கூட முற்றம் குண்டும் குழியுமாய்க் கிடக்கிறதாம். லோட்டை அங்கே பறிக்கப் போனார்கள்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நாளைக்கு வேறொருவர் மௌத்தாவார். வேறொரு மகன் கண் கலங்கி லொறியோடு நிற்பான். என்னைச் சம்பளமில்லாத காவல்காரனாக்கிவிட்டுப் போய்விட்டாய் நீ. ஒவ்வொரு மழைக்கும் போய்ப் பார்க்கிறேன். என் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிட்டேன்: என் பேரில் அங்கே ஒரு கூடைக் கிரவல்கூட விழக் கூடாது.