அந்தப் பேரில் யாரும் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

கண் டாக்டரைப் பார்க்கப் போனேன். ரத்தக் கொதிப்போடு திரும்பி வந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், சக்கர நாற்காலியில் பூனை. கப்பலில் எஞ்சின் அறைச் சூட்டிலேயே சுருண்டு தூங்குவான், அதனால் அந்தப் பட்டம். பாதி உடம்பாகிவிட்டான். "டேய்!" என்று ஓடினேன். என்னைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் மகள்தான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். இதயத்தில் ஆபரேஷன், தள்ளிப்போட முடியாது. "கப்பல் பசங்களைப் பாத்துட்டுத்தான் படுப்பேன்" என்று அடம். இவள் நம் பழைய கப்பல்காரர் சங்கத்துக்குப் போன் போட்டு அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறாள். "அந்தப் பேர்ல நம்ம கப்பல்ல யாரும் இல்லம்மா" என்று பதில். அதை அப்படியே அவனிடம் போய்ச் சொல்லிவிட்டாள், பாவம். அன்றிலிருந்து ஆபரேஷனே வேண்டாம் என்கிறான்.

"அங்கிள், அப்பா நிஜமாவே கப்பல்ல இருந்தாரா?" என்று கேட்டாள். பெற்ற பெண் கேட்கிறாள்!

மார்ச் 5

மகளுக்கு அப்படிப் பதில் சொன்ன சங்கச் செயலாளரைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். முதல் ஞாயிறானால் கூட்டம், வராதவனுக்குப் போன், பொழுது விடிந்தால் வாட்ஸப்பில் பூப்போட்ட காலை வணக்கம். ஒருத்தனையும் விடாமல் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று மார்தட்டுகிறவன்!

"சந்தையில தக்காளி பொறுக்கிட்டு இருந்தேன்டா. பூனைன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேனா?" என்கிறான்.

"எவன்டா பெத்த பொண்ணுகிட்ட, என் பேரு பூனைன்னு சொல்லிக்குவான்? கப்பல்ல உனக்கு மேல் படுக்கையில படுத்தவன்டா அவன்!" கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. எனக்கு மட்டும் தெரியுமா அவன் பேர்? நேற்றுதானே மகள் சொன்னாள் — அதுவும் மனசில் நிற்கவில்லை. சே!

மார்ச் 6

சாப்பாடு இறங்கவில்லை. சங்கத்து ஆட்களுக்குப் போன் போட்டு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன்.

மார்ச் 7

ஏழு பேர் போனோம். செயலாளர் பழம் வாங்கி வந்தான். பழமாம், பழம்!

பூனை சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். "இல்லாத ஆளைப் பாக்க எதுக்குடா வந்தீங்க? என் பேர் என்ன, சொல்லுங்க பாப்போம்."

செயலாளர் பழப் பையைப் பிரித்தான். ஒருத்தன் மின்விசிறியைப் பார்த்தான். கட்டிலில் பெயர் எழுதிய அட்டை தொங்கியது, என் கண்ணுக்குத் தெரிந்தால்தானே? எனக்கு வந்ததே கோபம்.

"ரொம்பத்தான் பிகு பண்ணாத. என் பேர் என்ன? நீ சொல்லு!"

"மிளகா" என்றான். கப்பலில் எனக்கு வைத்த பட்டம்.

"அது பேராடா?"

"...தெரியலடா."

மகள்தான் முதலில் சிரித்தாள். அவனுக்கும் அடக்க முடியவில்லை, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. நர்ஸ் ஓடிவந்து எங்களைத் திட்டித் தீர்த்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக என்னத்தச் சங்கம் நடத்தினோம்? இவன் செத்துப் பேப்பரில் பெயர் வந்திருந்தாலும், எவனோ என்று பக்கத்தைப் புரட்டியிருப்போம். வாசலில் நின்று ஏழு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பெயர் சொல்லிக்கொண்டோம், தலை நரைத்த பிறகு. அசிங்கமாக இருந்தது.

மார்ச் 8

பூனை சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். புதன்கிழமை ஆபரேஷன்.

மார்ச் 12

காலையிலிருந்து ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். செயலாளர் ஏதோ தைரியம் சொல்ல வந்தான், வாயை மூடு என்றேன்.

இருட்டிய பிறகு நர்ஸ் கதவைத் திறந்தாள். அவனுடைய முழுப் பெயரைச் சொல்லி, "கண் முழிச்சுட்டாரு. அவரோட ஆளுங்க யாரு?" என்றாள்.

ஏழு கிழவர்களும் எழுந்து நின்றோம். எனக்கு முன்னால் செயலாளர் எழுந்துவிட்டான், படவா.