கொலுப்படிக்குப் பின்னால் பத்து மாத்திரை

19 செப்டம்பர் 2024, வியாழன்

ஆறாம் மாதப் பரிசோதனை. பி.பி. 122/78.

ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் எகிறாமல் ஒரு புது மாத்திரை தடுக்குமா என்று பார்க்கிறார்கள். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத டம்மி. எனக்கு எது என்று டாக்டரம்மா லாஹிரியிடம் கேட்டேன். தனக்கும் தெரியாது என்று சிரித்தார். தெரிந்தால் தன் கண்ணே பாரபட்சம் பார்த்துவிடுமாம். அவ்வளவு படித்தவர் தன் கண்ணைத் தானே நம்பாமல் வேலை செய்கிறார். நானோ எங்கள் பவானிபூர் மளிகைக் கடையில் புளியை வாயில் வைத்துப் பார்க்காமலே நல்ல புளி என்று சத்தியம் செய்கிறவள்.

மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து மீதியை எண்ணுவது நர்ஸ் சௌந்தரம் அக்கா. இதே ஊரில் துறைமுகப் பக்கம் கார்டன் ரீச்சில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. மாதம் ஒருமுறை எண்ணுவார்.

இரண்டு வருஷம் முன்னால் ஏழாம் மாதத்தில் பி.பி. ஏறி, வலிப்பு வந்து, என் பிள்ளை வயிற்றிலேயே போனது. இந்த முறை போகக் கூடாது. வேறொன்றும் வேண்டாம்.

4 அக்டோபர், வெள்ளி

மூளை என்று ஒன்று எனக்கு இருக்கிறதா? மாத்திரை டப்பா சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில். அலமாரியை அடைத்துக்கொண்டு ஏழு படி கொலு. நேற்றுக் காலை மாத்திரை போயிற்று, இன்றைக்கும் போயிற்று.

வீட்டுக்காரர் கிரிதர், "ரெண்டு படிய நகத்தினா கை உள்ள போயிரும், எடுத்துத் தரேன்" என்றார். நான் விடவில்லை. வைத்த கொலுவை நடுவில் கலைத்தால் பிள்ளைக்கு ஆகாது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒன்றைப் பறிகொடுத்தவளுக்குத்தான் தெரியும்.

"அப்போ அந்த நர்ஸம்மாகிட்ட போன்ல கேளு."

கேட்கவில்லை. திட்டுவார்.

7 அக்டோபர், திங்கள்

தெருமுனைப் பூஜா பந்தலில் மைக் கட்டிவிட்டார்கள். 126/80. டப்பா அங்கேயேதான்.

13 அக்டோபர், ஞாயிறு

கொலுவை எடுத்தாயிற்று. பத்து மாத்திரை அதிகம். கிரிதர் கடைக்குப் போனதும் அதைத் தண்ணீரில் கரைத்துப் பாத்திரம் தேய்க்கிற தொட்டியில் ஊற்றினேன். வெள்ளையாக ஓடியது. எண்ணிக்கை சரியாகிவிட்டது. யாருக்கு என்ன நஷ்டம்?

17 அக்டோபர், வியாழன்

அக்கா எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். "பூஜா நேரத்துல ஆளாளுக்கு விட்டிருக்காங்க. நீதான் ஒண்ணுகூட விடல, வைதேகி. உன் கையக் கண்ணுல ஒத்திக்கலாம்." வரிசையில் இருந்த பெண்களுக்கு என்னைக் காட்டி வங்காளியில் ஏதோ சொன்னார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

21 அக்டோபர், திங்கள்

நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன். கொலு, அலமாரி, தொட்டி, எல்லாம்.

அக்கா எண்ணிக்கை நோட்டை எடுத்துக்கொண்டே கேட்டார்: "திட்டுவேன்னு பயந்தியா?"

தலையாட்டினேன்.

"அப்போ தப்பு என்மேலயும் இருக்கு. போலீஸ்காரி மாதிரி எண்ணினா யார்தான் ஒளிக்க மாட்டாங்க?" பிறகு மெதுவாக, "நீ சாப்பிட்டதா நான் எழுதி, உனக்கு பி.பி. ஏறிட்டா பழி மருந்துமேல விழும். நல்ல மருந்தா இருந்தாலும் நாளைக்கு இன்னொரு பொண்ணுக்குக் கெடைக்காமப் போயிரும்மா."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த இன்னொரு பெண் இரண்டு வருஷம் முந்தின நான்தானே.

நோட்டில் பழைய எண்ணை அவர் அழிக்கவில்லை. படிக்க முடிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டார். தப்பையும் பத்திரமாக வைக்க வேண்டுமாம். டாக்டர் லாஹிரி விஷயத்தைக் கேட்டுவிட்டு எனக்கு நன்றி சொன்னார். எனக்கு! இனிமேல் எண்ணுவதற்கு முன்னால், "எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று எல்லோரையும் கேட்கப் போகிறார்களாம், விட்டுப்போவது சகஜம் என்கிற தொனியில். எப்பேர்ப்பட்ட மனுஷிகள்.

வாசல் வரை வந்து அக்கா சொன்னார்: "எதுன்னாலும் போன் பண்ணு. திட்ட மாட்டேன்."

8 டிசம்பர், ஞாயிறு

காலையில் 158/104. மறுபடி பார்த்தேன். 160/106. மெஷின் கோளாறு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது — என் பழைய புத்தி. உடனே அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"கெளம்பு. துணிமணி அப்புறம் வரட்டும். ஆஸ்பத்திரியில நான் முன்னால போய் நிக்கறேன்."

நின்றார். ஞாயிற்றுக்கிழமை, கார்டன் ரீச்சிலிருந்து, எங்களுக்கு முன்னால்.

14 டிசம்பர், சனி

புதன்கிழமை ஆபரேஷன். பெண். ஒரு கிலோ எண்ணூறு. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து அழுகிறாள். போன முறை நான் கேட்காத சத்தம்.

23 செப்டம்பர் 2025, செவ்வாய்

கொலு இரண்டாம் நாள். இந்த வருஷம் எதிர்ச் சுவரில் வைத்திருக்கிறோம்.

சௌந்தரம் அக்கா தாம்பூலத்துக்கு வந்தார், கையில் கடிதத்தோடு. ஆராய்ச்சி முடிந்துவிட்டது. நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களில் பி.பி. ஏறியவர்கள் குறைவு. மந்திரம் மாயம் இல்லை, ஆனால் குறைவு. எனக்குக் கிடைத்தது டம்மி.

தொட்டியில் ஓடியது வெறும் மாவு. அதற்கா நாலு நாள் பட்டினி கிடந்தேன்? சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"உனக்கப்புறம் முப்பத்தொரு பேர் உண்மையச் சொன்னாங்க, வைதேகி. அதுல ஏறக்குறைய பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. அவங்க சொல்லலேன்னா பழி மருந்துமேல விழுந்திருக்கும்."

அதற்குள் மகள் அக்ஷரா தவழ்ந்து போய்க் கீழ்ப்படிச் செட்டியார் பொம்மையின் காலைப் பிடித்து இழுத்தாள். பக்கத்துப் பொம்மைகளும் சரிந்தன. கிரிதர் பதறிக்கொண்டு எழுந்தார்.

"விடுங்க" என்றேன். "கலைக்கட்டும்."