ஏசி அறையில் தொங்கட்டான் நாற்று

அன்புள்ள அத்தை,

இந்த நடு ராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்திருந்தால், "விளக்க அமத்திட்டுப் படு, எதுவா இருந்தாலும் காலைல பாத்துக்கலாம்" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்திருப்பீர்கள். காலைவரை மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை. மாமா இரவு சாப்பிடவில்லை. கொல்லைக் கோடியில் மோட்டார் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிறார். காரணம் உங்கள் தொங்கட்டான் செடி. செடிமேல் மட்டும் பழி போட்டால் பாவம், நானும்தான்.

போன கோடையில் கொடைக்கானல் போனோமே, தங்கிய விடுதி வாசலில் தொட்டி தொட்டியாகக் காதணி மாதிரித் தொங்கிய பூ நினைவிருக்கிறதா? வெளியே சிவப்பு, உள்ளே ஊதாப் பாவாடை. தோட்டத்துப் பெண் அதை ஃபியூஷியா என்றாள். நீங்கள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "அடப் போம்மா, தும்மல் மாதிரி இருக்கு. நாம தொங்கட்டான்னு வச்சுக்குவோம்" என்றீர்கள். அவள் சிரித்துக்கொண்டே, கறுத்துப் பழுத்த காய்களாகப் பார்த்துப் பறித்து உங்கள் கையில் வைத்தாள். ஊருக்கு வந்ததும் பழத்தைப் பிசைந்து, தண்ணீரில் அலசி, தூள் மாதிரி இருந்த விதையைக் காகிதத்தில் உலர்த்தினீர்கள். மழை பிடிக்கட்டும், போடலாம் என்றீர்கள். மழை பிடித்தது. அந்த ஐப்பசியிலேயே நீங்கள் போய்விட்டீர்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, பீரோவில் உங்கள் மாத்திரை டப்பாவுக்குள் அந்தக் காகித மடிப்பு கிடைத்தது. எடுத்தது மாமாதான். அதுவரை யாரிடமும் வாய் திறக்காதவர், "ஏம்மா, இது அந்தப் பூவுதானே?" என்று கேட்டார். உங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அப்புறம் அவர் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். விதைநெல்லுக்குச் செய்வதை அப்படியே செய்தார். பாதி விதையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் முடிந்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடி, மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்தார். நெல்லாக இருந்தால் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்திருக்கும். இது கொழகொழவென்று அழுகிப் போயிருந்தது. நான் போனில் தேடிப் படித்துச் சொன்னேன்: இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டுமாம், மண் போட்டு மூடவே கூடாதாம், மேலாகத் தூவிக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டுமாம்.

"மூடாம எப்படிம்மா முளைக்கும்? கோழி கொத்திட்டுப் போறதுக்கா?"

"ஸ்வீட் டப்பாவுக்குள்ள எந்தக் கோழி மாமா வரப்போகுது?"

மீதி விதையை மார்கழிப் பனியில், பிளாஸ்டிக் ஸ்வீட் டப்பாவில் தேங்காய் நார்த்தூளைப் பரப்பி அதன்மேல் தூவினோம். வராது என்றே முடிவு கட்டிவிட்டேன். பொங்கல் கழிந்து ஒரு காலையில், "சுகந்தி, நாத்து" என்று கூப்பிட்டார். கடுகைவிடச் சின்னதாக இரண்டிரண்டு இலை. தை அறுப்புக்கு மெஷின் வந்தபோது வயல் பக்கமே போகாத மனிதர், அந்த நாற்றை டீ கப்பில் மாற்றி நடுவதற்காகப் பல் குத்தும் குச்சியோடு அரை நாள் குனிந்து கிடந்தார். எழுந்து வந்து, "ரசம் இருக்காம்மா?" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன் அத்தை.

"அதே செவப்பு, அதே ஊதாதானே வரும்?" என்று ஒருநாள் கேட்டார். விதையிலிருந்து வரும் செடி தாய்ச்செடி மாதிரியே பூக்கும் என்று சொல்ல முடியாதாம். அதையும் படித்திருந்தேன். ஆனாலும், "வரும் மாமா" என்றேன்.

பங்குனி வெயிலில் நாற்றெல்லாம் துவள ஆரம்பித்தது. சில போயே போய்விட்டன. ஒரு மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால், நம் வீட்டில் ஏசி இருக்கிற ஒரே அறையில், பேத்தி யாழினியின் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலோரம், ஒரு தாம்பாளம் நிறையக் கப்புகள். ஏசியை ஐஸ் பெட்டி என்று திட்டிக்கொண்டிருந்தவர் ரிமோட்டை என்னிடம் நீட்டி, "இருபத்திரெண்டுல வையும்மா, இதுங்களுக்கு அதான் சொகம்" என்றார்.

உங்கள் பேத்திக்கு இழுப்பு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் எப்போதாவது வரும். இப்போது அடிக்கடி வர ஆரம்பித்தது. மூச்சு இழுக்கும்போது அவள் விலாவில் குழி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது என் வேலையாகிவிட்டது. மன்னார்குடி டாக்டர் ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, "சாத்துன ரூமுக்குள்ள ஈரமா தொட்டி வச்சிருக்கீங்களா? பூஞ்சை பிடிக்கும்மா. மொதல்ல அத வெளிய எடுங்க" என்றார்.

அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். மாமாவிடம் போய் நின்றால் எனக்கு வாய் வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கிற உங்கள் பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"அப்பாகிட்ட நீயே சொல்லிடேன்."

"உங்க அப்பாதானே, நீங்க சொல்லுங்க."

"போன்ல எப்படிச் சொல்றது? நேர்ல இருக்குறவ சொன்னாத்தான் நல்லாருக்கும்."

"நேர்ல இருக்குறதாலதான் சொல்ல முடியல."

இரண்டு பேருமே சொல்லவில்லை. நான் பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளையோடு ஹாலுக்கு வந்துவிட்டேன். மாமா கேட்டதற்கு, "பாப்பாவுக்கு ஏசி ஒத்துக்கல" என்றேன். இழுப்பு குறைந்தது. ஆனால் ஃபேன் அனலாய் வீச, அவள் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு சிவந்து கிளம்பியது. உள்ளே நாற்றுகள் ஏசியில் ஜம்மென்று தளிர் விட்டன. இப்படியே கோடையைத் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா உறைமோர் வாங்க வந்தார். என்னோடு டாக்டரிடம் துணைக்கு வந்தவரும் அவர்தான். நான் யாழினி முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியப்பா, நாத்துக்கு ஏசி, பேத்திக்கு வேர்க்குருவா? டாக்டர் செடியத்தானே வெளிய வைக்கச் சொன்னாரு. இவ புள்ளயத் தூக்கி வெளிய வச்சிருக்கா."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "டாக்டர் என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பூ வேறு நிறத்தில் வரலாம் என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன். சரோஜா அக்கா மோரைக்கூட வாங்காமல் நழுவிவிட்டார்.

"நான் கோச்சுக்குவேன்னு பயந்தியா?"

"இல்ல மாமா. நீங்க திரும்பப் பேசாம போயிடுவீங்கன்னு."

யாழினியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அத்தையா இருந்தா அன்னைக்கே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பா. இவ்வளவு காலமும் அப்படித்தானே என்னைய ஓட்டுனா. இப்ப நீங்கள்லாம் என்கிட்ட பாத்துப் பாத்துப் பேசுறீங்க. செத்தது அவளா, நானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

பிறகு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். தண்ணீர்த் தொட்டியோரம் கப்புகளை அடுக்கி, சுற்றிலும் ஈரச் சாக்கைக் கட்டினார். சோறு கொண்டுபோனேன். "வச்சிட்டுப் போம்மா" என்றார். பிறகு பாத்திரம் எடுக்கப் போனபோது தட்டு வைத்தபடி இருந்தது. சர்க்கரை உள்ள மனிதர். மாத்திரை போட்டாரா என்று கேட்டேன்; எழுந்து போய்ச் சாக்கை நனைக்க ஆரம்பித்தார்.

அறையைத் துடைத்துச் சுத்தம் செய்து யாழினியை அங்கேயே படுக்க வைத்திருக்கிறேன். மூச்சு சீராக வருகிறது. அதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது; அப்படிச் சந்தோஷப்படக் கூச்சமாகவும் இருக்கிறது.

இன்னும் சித்திரை இருக்கிறது, அக்னி நட்சத்திரம் இருக்கிறது. கொட்டகையில் அந்த நாற்று எத்தனை நாள் நிற்கும்? நம்மைவிட அவருக்குத் தெரியாதா? எல்லாம் போன பிறகு அவர் பேசுவாரா, சாப்பிடுவாரா? அதைத்தான் நினைத்து நினைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். விடிந்ததும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவேன். "செடி இருக்கும், போகும், நீங்க வந்து சாப்பிடுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்வேன். அவர் கோபித்தால் கோபிக்கட்டும். இனி இந்த வீட்டில் அவரிடம் யாரும் பார்த்துப் பார்த்துப் பேச மாட்டோம். உங்கள் பிள்ளையிடமும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் உங்களுக்கு வருகிற மாதிரி எனக்கு வாய் வராது அத்தை. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் முதல் வார்த்தை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை நான் பேசிக்கொள்கிறேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மருமகள்,
சுகந்தி