எதனால் செத்தது

வனவிலங்கு மருத்துவப் பயிற்சி முகாம்,
12.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சரிதா எழுதுவது. போனை எடுக்கவே மாட்டேன் என்கிறீர்கள், அதனால் கடிதம். செத்த யானையை அறுத்துப் பார்க்க நம் ஊருக்குத்தான் போகிறோம் என்று, ஜீப் தேன்கனிக்கோட்டையைத் தாண்டும்வரை எனக்குத் தெரியாது. எங்கள் பொற்கொடி மேடத்திடம் ஒரு வழக்கம் உண்டு. கத்தி பிடிக்கிற மாணவர்தான் சாவின் காரணத்தையும் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அன்று என் முறை. தும்பிக்கை கம்பி பட்டுக் கருகியிருந்தது. "கரண்ட்" என்றேன். அது கங்கப்பன் மாமாவின் ராகிக் கொல்லை, கம்பியும் அவர் கட்டியது என்று தெரிந்தேதான் சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும், அப்பா?

உங்கள் மகள்,
சரிதா

20.12.2024

சரிதாவுக்கு,

நலம் விசாரிக்க மனசில்லை. உன் மாமா ஜெயிலில் இருக்கிறார். வருஷா வருஷம் யானை ராகியை மிதித்துவிட்டுப் போனபோது எந்த மேடமும் ஜீப்பில் வரவில்லை. ஊரே அந்த யானைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் புதைத்தது. அங்கே கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள், காட்டிக்கொடுத்தவள் வீடு என்று நம் வீட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். உன் அத்தை சரஸ்வதி, என் கூடப் பிறந்தவள், என்னோடு பேசுவதில்லை. உன்னை மாட்டு டாக்டருக்குத்தான் படிக்க அனுப்பினேன். "தெரியலை மேடம்" என்று சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்? பொங்கலுக்கு வராதே.

வெங்கடப்பன்

3.1.2025

அன்புள்ள அப்பா,

பொங்கலுக்கு வரமாட்டேன். ஆனால் நம் செவலைப் பசுவுக்கு இது தலையீற்று. இடுப்பு குறுகல். பனிக்குடம் உடைந்தும் கன்றின் கால் தெரியாவிட்டால் யாரும் பிடித்து இழுக்க வேண்டாம், உடனே என்னைக் கூப்பிடுங்கள். வீட்டுக்குள் வரமாட்டேன், கொட்டகையோடு திரும்பிவிடுகிறேன். கோபத்தை என்மேல் வையுங்கள், அதன்மேல் வேண்டாம்.

சரிதா

19.1.2025

சரிதாவுக்கு,

செவலை செத்துவிட்டது. கன்றும் உள்ளேயே. கடைசிவரை கால் தெரியவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் பொங்கல் லீவு. போன் என் கையில்தான் இருந்தது, அதில் உன் பேரையும் தேடி எடுத்துவிட்டேன். உன்னைக் கூப்பிட்டால் தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பேன் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். செவலை கத்தியது அவள் வீடுவரை கேட்டிருக்கும்.

குழி வெட்டும்போது சரஸ்வதி வந்தாள். மாமா ஜெயிலுக்குப் போன பிறகு இப்போதுதான் நம் வாசலை மிதிக்கிறாள். செவலையின் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "உம் பொண்ண வரச் சொல்லுண்ணா. இதையும் அறுத்துப் பாத்து, எதனால செத்துச்சுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லட்டும்" என்றாள்.

நீ வர வேண்டாம். எதனால் என்று எனக்கே தெரியும்.

அப்பா